தேக்குக் கதவுகள் – 9: கோல்ஃப் இல்லாத சீமை

ரங்கூன் மொகல் தெருவில், முதல் குண்டு விழுந்த மறுநாள் காலையில் சென்ற வாரம் நிறுத்தினோம். குண்டு விழுந்தது 1941 டிசம்பர் 23. பெட்டகச் சாவியை மடியில் கட்டிக்கொண்டு துறைமுகத்துக்கு ஓடுவதா, கணக்குப் புத்தகங்களை எடுக்கக் கடைக்குத் திரும்புவதா என்று தவித்து நின்ற நகரத்தாரை, அங்கே வட்டிக்கடை நடத்திய செட்டிநாட்டுக்காரர்களை, அப்படியே விட்டுவிட்டு வந்தோம்.

தவிப்பதற்கு அவகாசம் இருக்கவில்லை. 1942 மார்ச் 8ஆம் தேதி ரங்கூன் ஜப்பானியர் கைக்குப் போனது. கப்பலில் இடம் கிடைத்தவர்கள் தப்பினார்கள். கிடைக்காதவர்கள் அரக்கான் மலைகள் வழியாகவும் மணிப்பூர் வழியாகவும் நடந்தார்கள். பர்மாவை விட்டு அப்படி வெளியேறிய இந்தியர்கள் சுமார் ஐந்து லட்சம் பேர்.

விட்டுவிட்டு வந்தது எவ்வளவு? 1930ஐ ஒட்டி அமைந்த பர்மா வங்கி விசாரணைக் குழு, நகரத்தார் அங்கே போட்டிருந்த முதல் 75 கோடி ரூபாய் என்று மதிப்பிட்டது. பிறகு வந்த உலக மந்தத்தில் நெல் விலை சரிந்தது. கடனைக் கட்ட முடியாதவர்களின் வயல்கள் கடன் கொடுத்தவர்கள் பேருக்கு மாறின. கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் சாகுபடி நிலத்தில் கால் பங்கு 1930களின் முடிவுக்குள் அவர்களிடம் வந்து சேர்ந்திருந்தது. பணமாக இருந்தால் ஒரு பகுதியையாவது கொண்டுவந்திருக்கலாம். வயலை எந்தக் கப்பலில் ஏற்றுவது? 1948இல் சுதந்திர பர்மா நிலங்களை நாட்டுடைமையாக்கச் சட்டம் போட்டது. 1963இல் வங்கிகளும் போயின. காத்திருந்தவர்களின் கடைசி நம்பிக்கையும் அதோடு முடிந்தது.

மிஞ்சியது செட்டிநாட்டுச் சீமையில், சொந்த ஊரில் இருந்த வீடு.

பொன்னமராவதிக்குப் பக்கத்தில், திருப்பத்தூர் வட்டத்தில் இருக்கிற நெற்குப்பைக்குப் போனால் அந்த வீடுகளின் வாழ்வையும் தாழ்வையும் ஒரே தெருவில் பார்த்துவிடலாம். முகப்பு, பட்டாலை, வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி என்று உள்ளே போய்க்கொண்டே இருக்கும். ஒரு தெருவில் நுழைந்தால் அடுத்த தெருவில் வெளியே வரலாம். பர்மாத் தேக்கில் தூண். சுண்ணாம்பும் கடுக்காயும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து அரைத்துப் பூசிய சுவர். இன்றைக்கும் கையை வைத்தால் வழுவழுவென்று குளிர்ந்திருக்கும். ஆனால் நாட்டு ஓடு போட்ட கூரை காசு கேட்கும். காலாகாலத்தில் ஓடு மாற்றாவிட்டால் மழை உள்ளே இறங்கும். ஓர் ஓடு உடைந்து, அதன் கீழே விட்டம் நனைந்து, அந்த விட்டம் இற்றுப்போனால் ஒரு கட்டே சரிந்துவிடும். ஓடு மாற்றுகிற காசு பர்மாவிலிருந்து வந்துகொண்டிருந்தது. அது நின்றது.

முதலில் பித்தளையும் வெள்ளியும் போயின. பிறகு அலமாரிகள், பெல்ஜியம் கண்ணாடிகள், தஞ்சாவூர்ப் படங்கள். கடைசியில் வீடே போனது. கதவைத் தனியாகவும் நிலையைத் தனியாகவும் கழற்றினார்கள். தூணை அடியோடு பெயர்த்து லாரியில் ஏற்றினார்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழஞ்சாமான் கடைகள் வரிசையாக முளைத்தது இப்படித்தான். அங்கிருந்து அந்தத் தூண்கள் சென்னைக்கும் மும்பைக்கும் கடல் கடந்தும் போய், யாரோ கட்டிய ஓட்டல்களின் வரவேற்புக் கூடங்களில் நின்றன. வாங்கியவர்களைக் குறை சொல்ல மாட்டேன். சிலர் மரியாதையாகவே வாங்கினார்கள். 1996இல் முட்டுக்காட்டில் திறந்த தட்சிணசித்ரா, ஒரு செட்டிநாட்டு வீட்டைப் பிரித்துக் கொண்டுபோய் அங்கே திரும்ப நிறுத்தி, பார்க்க வருகிறவர்களுக்கு விளக்கமும் சொன்னது. ஆனாலும் நெஞ்சு கேட்கவில்லை. சீமையைப் பார்க்கச் சீமைக்கே வர வேண்டும் என்ற நிலையை உண்டாக்க ஒருவரும் இல்லையா?

ஒருவர் இருந்தார். அவர் நெற்குப்பைக்காரர்.

சோம. இலெட்சுமணன் செட்டியார் 1921 பிப்ரவரி 11இல் பிறந்தார். தமிழ் வாசகர்களுக்கு அவர் சோமலெ. ‘ஆஸ்திரேலியாவில் ஒரு மாதம்’, ‘அமெரிக்காவைப் பார்’ என்று அவருடைய பயண நூல்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. அவருக்கு முன்பே கோட்டையூர் ஏ.கே. செட்டியார் (1911–1983) உலகைச் சுற்றிவந்து எழுதியிருந்தார். காந்தியடிகளைப் பற்றிய ஆவணப்படத்துக்காகக் கண்டம் கண்டமாக அலைந்து, 1940இல் அதைத் திரைக்குக் கொண்டுவந்தவர் அவர். தமிழ்ப் பயண இலக்கியத்தின் இரண்டு பெரிய பெயர்கள் ஒரே வறண்ட சீமையிலிருந்து வந்தது தற்செயல் இல்லை. பிழைப்புக்காகத் தலைமுறை தலைமுறையாகக் கடல் கடந்தவர்கள் வீட்டில், ஊர்கள் எப்படி இருக்கும் என்பது அன்றாடப் பேச்சு.

சோமலெயைத் தனியாக நிறுத்திப் பேசக் காரணம் அவருடைய அடுத்த வேலை. வெளிநாடுகளைப் பார்த்து எழுதிய அதே கண்ணைத் தமிழ்நாட்டின் பக்கம் திருப்பினார். மாவட்டம் மாவட்டமாகப் புத்தகம் எழுதினார். அந்த மண்ணில் என்ன விளைகிறது, எந்த ஊரில் என்ன தொழில், எந்தக் கோயிலுக்கு என்ன பெருமை, எந்த ஊரார் எதற்குப் பேர்போனவர்கள் என்று ஒருவர் போய்ப் பார்த்துச் சேர்க்க வேண்டிய செய்திகள் அவை. ‘செட்டிநாடும் செந்தமிழும்’ என்று தன் சீமைக்கே ஒரு நூல் செய்தார். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் மக்கள் தொடர்பு வேலையும் பார்த்தவர். ஒரு நிறுவனத்தை வெளியாருக்கு எப்படி அறிமுகப்படுத்துவது என்பது அவருக்குக் கைவந்த கலை. சுற்றுலாத் துறையின் எந்த விளம்பரத் தாளுக்கும் முன்னால் இந்த மண்ணைப் பார்க்கத் தகுந்ததாக எழுதி வைத்தவர் அவர்தான் என்பது என் முடிவு. உலகெங்கும் விருந்தாளியாகப் போய்வந்தவருக்கு விருந்தாளி என்ன கேட்பான் என்பது தெரியும்.

1986 நவம்பரில் சோமலெ மறைந்தார். நெற்குப்பையில் அவர் பெயரில் நூலகம் இருக்கிறது. அவர் எழுதி வைத்த சீமைக்குப் பயணிகளை அழைத்துவரப் போகிறவர்களோ அப்போது வேறு கண்டத்தில் உட்கார்ந்து வேறு எதையோ விற்றுக்கொண்டிருந்தார்கள்.

அந்தச் சுற்றுலா வியாபாரம் எப்படி நடக்கிறது என்பதைக் கொஞ்சம் விளக்கமாகப் பார்க்க வேண்டும். இனி வரும் அத்தியாயங்களெல்லாம் அதன்மேல்தான் நிற்கின்றன. 1966இல் பெர்லினில் ஐ.டி.பி. சந்தை தொடங்கியது. 1980இல் லண்டனில் வேர்ல்டு டிராவல் மார்க்கெட் வந்தது. இங்கே டெல்லியில் 1994இல் சாட்டே. இந்தச் சந்தைகளுக்குப் பயணி வருவதில்லை; பயணியை அனுப்புகிற ஏஜென்டும் டூர் ஆபரேட்டரும் வருகிறார்கள். ஓட்டல்காரர் அவர்களுக்கு நெட் ரேட் கொடுப்பார். அதற்குமேல் தன் லாபத்தை வைத்து ஏஜென்ட் பேக்கேஜ் போடுவார். அடுத்த சீசனுக்கான விலையை இந்த சீசனிலேயே ஒப்புக்கொண்டு, ஏட்டில் அச்சடித்துவிட வேண்டும்.

இதில் கோல்ஃப் தனி ராஜ்யம். பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளியே மிகப் பழைய கோல்ஃப் கிளப் 1829இல் தொடங்கிய கல்கத்தா கிளப். நுவரெலியாவில் 1889இலும் கொடைக்கானலில் 1895இலும் குளிர் தேடி மலையேறிய வெள்ளைக்காரர்கள் ஆட்டத்தையும் கூடவே கொண்டுபோனார்கள். கோல்ஃப் பயணங்களை விற்கும் டூர் ஆபரேட்டர்கள் 1997இல் தங்களுக்கென்றே ஓர் உலகச் சங்கம் வைத்துக்கொண்டார்கள் என்றால் அந்தச் சந்தையின் அளவு புரியும். ஏஜென்டுக்கு கோல்ஃப் ரிசார்ட் பிடிப்பதற்குக் காரணம் எளிது. எல்லாவற்றையும் எண்ணிவிடலாம். ஐந்து இரவு, நாலு ரவுண்டு, ஆட்டம் தொடங்கும் மணி முன்கூட்டியே பதிவு, காலைச் சிற்றுண்டி சேர்த்து இவ்வளவு. ஏஜென்டுகளை இலவசமாகக் கூட்டிவந்து ஒரு ரவுண்டு ஆடவிட்டால் போதும், அவர்கள் ஊருக்குப் போய் விற்றுத் தருவார்கள்.

செட்டிநாட்டில் எதை எண்ணுவது?

பதினெட்டுக் குழி ஆடுகளத்துக்கு நூறு ஏக்கருக்குமேல் நிலம் வேண்டும். அதன் புல்லுக்கு நாள்தோறும் லட்சக்கணக்கான லிட்டர் தண்ணீர் வேண்டும். இங்கேயோ செம்மண் பூமி. ஊருக்கு ஊர் ஊருணி வெட்டி, கூரையில் விழுகிற மழையையும் வீணாக்காமல் பிடித்தார்கள். நல்ல மழை நாளில் வளவில் நின்று பாருங்கள். நான்கு பக்கத் தாழ்வாரத்து ஓட்டிலிருந்தும் தண்ணீர் தகரக் குழாயில் சேர்ந்து மூலைக்கு ஓடிவரும். அங்கே வைத்த பித்தளைக் கிடாரம் கொஞ்ச நேரத்தில் நிரம்பிவிடும். மிச்சம் முற்றத்துக் கல் தளத்தில் வடிந்து தெருக் காலில் இறங்கி ஊருணிக்குப் போகும். தண்ணீரை இப்படிப் போற்றிய ஊரில் புல்தரையை விற்பது பாவம்.

கடல் இல்லை. மலை இல்லை. தஞ்சாவூரைப் பார்த்த வெளிநாட்டுப் பயணி அடுத்து மதுரைக்குப் போவார். அந்த நீண்ட சாலையில் செட்டிநாடு கார் ஜன்னலுக்கு வெளியே ஓடி மறைகிற இடமாக மட்டுமே இருந்தது. டூர் ஆபரேட்டரின் தாளில் ஓர் ஊர் இடம்பிடிக்க வேண்டுமானால் அங்கே ஓர் இரவு தங்க வேண்டும். தங்குவதற்கு முதலில் அறை வேண்டும்.

அறையைத் திறந்தவர் ஒரு பெண்மணி. காரைக்குடியில் தம் குடும்பத்துக்குச் சொந்தமான பழைய பங்களாவை 1999இல் விருந்தினர்களுக்குத் திறந்தார் மீனாட்சி மெய்யப்பன். பேரும் அதேதான்: ‘தி பங்களா’. அவர் விற்றது வாழையிலைச் சாப்பாடு. செட்டிநாடு என்ற பெயரை எங்கெங்கோ ஓட்டல் பலகைகளில் எழுதி வைத்து மிளகாய்க் காரத்தை மட்டும் பரிமாறிக்கொண்டிருந்த காலத்தில், வீட்டுச் சமையலை நிதானமாக, ஒவ்வொன்றாக இலையில் வைத்துக் காட்டினார். அந்தப் பதார்த்தங்கள் 2014இல் புத்தகமாகவும் வந்தன. மதியச் சாப்பாட்டுக்கு நிறுத்திய கார் மறுநாள் காலைதான் கிளம்பியது. எண்ணக்கூடிய ஒன்று கிடைத்துவிட்டது: ஓர் இரவு, இரண்டு சாப்பாடு.

இரண்டாவது இரவுக்கும் சரக்கு இருந்தது. ஆத்தங்குடியில் ஒரு கண்ணாடித் தகட்டின்மேல் உலோக அச்சை வைத்து, அதன் கண்களில் சாயச் சிமென்டைக் கரண்டியால் ஊற்றுவார்கள். அச்சை அசையாமல் தூக்க வேண்டும். கை நடுங்கினால் பூ கலங்கிவிடும். மேலே உலர்ந்த சிமென்டும் மணலும் தூவி, ஈரக் கலவை போட்டு மட்டம் செய்து, பிறகு நாள்கணக்கில் தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போடுவார்கள். கண்ணாடி பட்ட பக்கம் தானாகப் பளபளக்கும். அரைமணி நேரம் என்று அழைத்து வந்த கைடு அரை நாள் காத்திருந்தால் ஆச்சரியம் இல்லை. கொச்சியைச் சேர்ந்த சி.ஜி.எச். எர்த் நிறுவனமும் பின்னால் கானாடுகாத்தானுக்கு வந்தது. ஒரு தந்தை மகளுக்காகக் கட்டிய ‘விசாலம்’ வீட்டை ஓட்டலாக்கி, தன் பழைய ஏஜென்டுகளிடம் கேரளத்தோடு சேர்த்து விற்கத் தொடங்கியது.

வழி திறந்துவிட்டது என்றுதான் எல்லாரும் நினைத்திருப்பார்கள். ஆனால் சிக்கல் வீட்டுக்குள்ளேயே இருந்தது. இந்த வீடுகளில் பெரும்பாலானவை ஒருவருக்குச் சொந்தமில்லை. தாத்தா கட்டிய வீட்டில் இன்றைக்கு எத்தனை பேரன்களோ அத்தனை பங்கு. ஒருவர் சென்னையில், ஒருவர் கோலாலம்பூரில், ஒருவர் அமெரிக்காவில். ஓடு மாற்ற ஒருவர் காசு போட்டாலும், ஓட்டலுக்கு விட வேண்டுமானால் எல்லாப் பங்காளிகளும் கையெழுத்துப் போட வேண்டும். அதோடு அந்த வீடு வெறும் கட்டடமும் இல்லை. கல்யாணமும் முன்னோருக்குப் படைக்கும் படைப்பும் அந்த வளவில்தான் நடந்தாக வேண்டும்.

அதைவிடப் பெரிய சிக்கல் நாள்காட்டியில் இருந்தது. ஐரோப்பியர்கள் பனிக்குப் பயந்து தெற்கே வருகிற மாதங்கள் ஜனவரியும் பிப்ரவரியும். நம் வீட்டுக் கல்யாணங்கள் தையிலும் மாசியிலும். ஏஜென்ட் ஒரு பக்கம் தொலைபேசியில், “ஜனவரி கடைசி வாரம் எல்லா ரூமும் எங்களுக்கு வேணும், ஏட்டில் அச்சாகிப் போச்சு” என்பார். மறுபக்கம் பங்காளி, “அண்ணே, தையில மகனுக்குக் கல்யாணம் வச்சிருக்கேன், முகப்புல பந்தல் போடணும்” என்பார். இருவரில் யாரிடம் மாட்டேன் என்பது?

பதில் சொல்ல முடியாமல் பல வீடுகள் பூட்டியே கிடந்தன. பூட்டிய வீட்டின் ஓட்டில் அரசமரக் கன்று முளைத்தது. வாங்க வருகிறவர்கள் மறுபடியும் கதவுகளைத் தட்டிப் பார்த்து விலை பேசத் தொடங்கினார்கள். அந்தச் சமயத்தில்தான் பிரான்சிலிருந்து இரண்டு கட்டடக் கலைஞர்கள், பெர்னார் டிராகோனும் மிஷேல் அட்மோவும், கோத்தமங்கலத்தில் ‘சாரதா விலாஸ்’ என்ற வீட்டுக்குள் நுழைந்தார்கள். அந்த வீட்டின் தேக்குக் கதவுகள் எந்தப் பக்கம் போகப்போகின்றன? லாரிக்கா, வளவுக்கா?

(அடுத்த வாரம்)