மூலவுயிர்க்கலக் கொள்கையின் வரலாறு

பெற்றோரின் சாயல் மக்களிடத்திற் காணப்படுதல் யாவரும் அறிந்ததே. ஆயின், ஒருவர் தம் வாழ்நாளிற் பயின்று பெற்ற வன்மையும், விபத்தினால் எய்திய ஊனமும் அவர்தம் மக்களைச் சென்று சேருமா? பண்டைக் கிரேக்கர் காலந்தொட்டு நிலவிய இவ்வினாவுக்கு விடை தேடிய முயற்சியிலேயே, உடலைக் கட்டும் கலங்கள் வேறு, வழித்தோன்றலைத் தரும் கலங்கள் வேறு என்னும் கருத்து உருவாயிற்று. முன்னையவை உடற்கலங்கள், பின்னையவை மூலவுயிர்க்கலங்கள்.

சாள்ஸ் டார்வின் 1868 ஆம் ஆண்டில் ஒரு கருதுகோளை வெளியிட்டார். உடலின் ஒவ்வொரு பகுதியும் நுண்ணிய துகள்களை வெளிவிடும் என்றும், அவை இனப்பெருக்க உறுப்புக்களிற் சென்று திரண்டு அடுத்த தலைமுறைக்குப் போகும் என்றும் அவர் கருதினார். அவருடைய உறவினரான பிரான்சிஸ் கால்ற்றன் இதனைச் சோதிக்க விரும்பி, ஒரு நிற முயலின் குருதியை வேறு நிற முயலுக்கு ஏற்றி, அதன் குட்டிகளை நோக்கினார். குட்டிகளில் எவ்வித மாற்றமும் தோன்றவில்லை என 1871 இல் அறிவித்தார். துகள்கள் குருதி வழியே செல்லும் எனத் தாம் கூறவில்லை என்று டார்வின் மறுமொழி பகர்ந்தார். வழக்கு முடிவின்றி நின்றது.

அதனை வேறு திசையிற் செலுத்தியவர் ஜேர்மனி நாட்டு விலங்கியல் அறிஞர் ஓகஸ்ற் வைஸ்மன் (1834-1914). கண்நோயினால் நுணுக்குக்காட்டியை நெடுநேரம் கையாள இயலாதிருந்த அவர், சிந்தனையிற் கூடுதலாக ஈடுபட்டார். மூலவுயிர்ப்பொருள் தலைமுறைதோறும் அறாது தொடர்ந்து வருவது, உடலோ அதனைத் தாங்கி நின்று பின் மாய்வது என அவர் 1885 இல் எழுதினார். மூலவுயிர்க்கலம் உடலை ஆக்கும். உடலின் பட்டறிவு மூலவுயிர்க்கலத்தைச் சென்று எழுதாது. ஐந்து தலைமுறை எலிகளின் வால்களை அவர் வெட்டினார். பிறந்த 901 குட்டிகளில் ஒன்றேனும் குறுவாலுடன் பிறக்கவில்லை. உறுப்பிழப்பு மரபிற் சேரும் எனப் பரவியிருந்த கதைகளை மறுப்பதற்கு அச்சோதனை உதவியது. ஆயினும் அவருடைய கொள்கையின் வன்மை முழுவதும் அதிலே தங்கியிருக்கவில்லை.

கொள்கைக்குக் கண்கூடான சான்று குதிரையின் குடற்புழுவிலிருந்து கிடைத்தது. முட்டை பிளவுபடத் தொடங்கியதும், உடலாக வளரவிருக்கும் கலங்களில் நிறமூர்த்தங்களின் முனைப்பகுதிகள் கழிந்து போவதையும், ஒரே ஒரு கலவழியில் மட்டும் அவை குறைவின்றிக் காக்கப்படுவதையும் தியோடர் பொவெரி 1887 இல் கண்டார். அக்கலவழியே மூலவுயிர்க்கலங்களைத் தந்தது. றொபேட் ஹெக்னர் இலைவண்டு முட்டையின் பின்முனையைச் சூடேற்றிய ஊசியாற் சுட்டார். மூலவுயிர்க்கலம் அற்ற முளையங்கள் உண்டாயின. பழ ஈ முட்டையின் பின்முனைக் குழியவுருவை முன்முனையிற் புகுத்தினால் அங்கும் மூலவுயிர்க்கலங்கள் தோன்றும் என்பது 1974 இல் நிறுவப்பட்டது.

எனினும் இவ்வழி எல்லா உயிர்க்கும் பொதுவன்று. தவளையின் முட்டையில் இத்தகைய தனிப்பொருள் உண்டு. அதன் இனத்ததாகிய சலமந்தரின் முட்டையிலோ அது இல்லை. எலியின் முளையத்தில், கருக்கட்டி ஏறத்தாழ ஏழு நாட்களின் பின்னரே, அயற்கலங்களின் தூண்டலால் நாற்பதளவான கலங்கள் இப்பணிக்குத் தெரிவு செய்யப்படுகின்றன. வேறு பணிக்குச் செல்லவிருந்த கலங்களை அவ்விடத்திற்கு மாற்றினால் அவையும் மூலவுயிர்க்கலங்கள் ஆகும். இனப்பெருக்க உறுப்பற்ற தட்டைப்புழுத் துண்டம் அவ்வுறுப்பை மீண்டும் வளர்க்கும். தாவரங்களில், இலைகளைத் தந்த அதே தண்டு நுனியே பின்னர்ப் பூவையும் தருகின்றது. ஆதலின் மொட்டிலே நிகழும் மாற்றம் விதையையும் சென்றடையலாம். வைஸ்மன் இதனை அறியாதவரல்லர். கடல்வாழ் ஐதரைகளை ஆராய்ந்த அவர், அவற்றில் மூலவுயிர்க்கலங்கள் காலந்தாழ்த்தே தோன்றுவதைக் கண்டிருந்தார். அதனாலேயே, தொடர்வது கலமன்று, அதனுள் இருக்கும் பொருளே எனக் கூறினார்.

இக்கொள்கை ஆய்வுகூடத்துக்கு வெளியேயும் சோதனைக்கு உள்ளானது. சோவியத் நாட்டில் துரோபிம் லைசென்கோ, பயிர்களைப் பழக்கிப் பெற்ற இயல்புகளை மரபாக்கலாம் எனக் கூறி அரசின் ஆதரவைப் பெற்றார். அவரை எதிர்த்த பயிரியல் அறிஞர் நிக்கலாய் வவிலோவ் 1940 இற் சிறைப்பட்டு 1943 இற் சிறையிலேயே உயிர்துறந்தார். 1948 ஓகஸ்ற் மாதத்தில் வேளாண்மை விஞ்ஞானக் கழகம் வைஸ்மனின் கருத்தைப் பழித்துத் தீர்ப்பளித்தது. மரபியலாளர் பலர் பதவி இழந்தனர். லைசென்கோவின் செல்வாக்கு 1965 வரை நீடித்தது.

இங்கே ஓர் உண்மை கருதத்தக்கது. அரசாணை மறுக்க முயன்றது கொள்கையின் வலிய பகுதியை. அதன் மெலிந்த பகுதியைக் கண்டது சோதனை. வளர்ச்சியின்போது உடற்கலங்கள் மரபுப்பொருளைச் சிறிது சிறிதாக இழக்கின்றன என வைஸ்மன் எண்ணினார். பொவெரியின் புழு அதற்குச் சான்று போலத் தோன்றியது. ஆயின் அது ஒரு விதிவிலக்கே. வாற்பேய்க் குடற்கலத்தின் கருவிலிருந்து ஜோன் கேடன் 1962 இல் தவளையை வளர்த்தார். 1996 இல் வளர்ந்த ஆட்டின் மடிக்கலத்திலிருந்து டொலி பிறந்தது. 2016 இல் யப்பானிய ஆய்வாளர், வளர்ந்த எலியின் வால்நுனிக் கலங்களை ஆய்வுகூடத்தில் முட்டைகளாக மாற்றி, அவற்றிலிருந்து குட்டிகளைப் பெற்றனர். வைஸ்மன் வெட்டியெறிந்த வாலிலும் முழு மரபு இருந்தது.

ஆகவே, உடற்கலத்துக்கும் மூலவுயிர்க்கலத்துக்கும் இடையிலான வரம்பு பொருளின் வேறுபாட்டால் அமைந்ததன்று. பணியின் வேறுபாட்டால் அமைந்தது. அது ஓருயிரில் முட்டையிலேயே இடப்படுகின்றது. வேறோர் உயிரில் முளையத்தில். தாவரத்திற் பூக்கும் பருவத்தில். சில புழுக்களிலும் தாவரங்களிலும் அவ்வரம்பைக் கடந்து சில தலைமுறை நிலைக்கும் குறிகளும் அறியப்பட்டுள்ளன. ஆயினும் வாலிழந்த எலிக்கு வாலுள்ள குட்டியே பிறக்கின்றது. தீர்ப்புக்களாலும் சிறைகளாலும் மாற்றவொண்ணாத அவ்வுண்மையை, ஐயுற்று ஆராய்ந்தவர்களே தெளிவாக விளக்கித் தந்தனர்.