துறைமுகத்துக் குமாஸ்தாவும் அவருடைய மேலாளரும்

அல்சூர் ஏரிக்கரையில் மாலை வேளையில் உலாவச் செல்கின்றவர்கள், அங்கே பரந்து கிடக்கும் மதராஸ் சாப்பர்ஸ் படையின் பாசறையை நன்கு அறிவார்கள். 1780-ஆம் ஆண்டு சென்னையில் தோன்றிப் பின்னர் பெங்களூரில் நிலைபெற்ற பொறியாளர் படை அது. அதன் வீரர்களைத் ‘தம்பி’ என்று அழைப்பது இன்றளவும் வழக்கம். 1809-ஆம் ஆண்டு ஆங்கிலேயர் இங்கே கன்டோன்மென்ட் அமைத்தனர். அதை ஒட்டிவந்த உத்தியோகங்களை நாடியே நம்மவர் பலர் இந்நகரில் குடியேறினர்.

1912-ஆம் ஆண்டு அப்படையைச் சேர்ந்த மெக்ளின்டாக் என்னும் காப்டன் ஒரு கருவியை அமைத்தார். வெடிமருந்து நிரப்பிய குழாய்களை ஒன்றோடொன்று பூட்டி, எட்ட இருந்தபடியே முள்வேலியின் அடியில் செலுத்தி வெடிக்கச் செய்து வழி திறப்பது அதன் பயன். ‘பெங்களூர் டார்ப்பிடோ’ என்ற பெயரால் இரண்டு உலகப் போர்களிலும் அது வழங்கியது. ஆயுதத்தைப் புகழ்வது என் நோக்கமன்று. தம் உள்ளத்தில் எழுந்த புதுக் கருத்தை வேலை செய்யும் இடத்திலேயே செய்து பார்க்க ஒருவருக்கு வாய்ப்பு இருந்தது என்பதே இங்கு கருதத்தக்கது.

பட்டாளத்துப் பட்டறைக்கு அது பொருந்தும். கோப்பும் பேரேடுமாகக் கிடக்கும் காரியாலயத்துக்குப் பொருந்துமா என்று நேயர்கள் கேட்கலாம். தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் வாழும் தமிழரில் பெரும்பாலோர் காரியாலயத்தார்தாமே. அதே 1912-ஆம் ஆண்டில் சென்னைத் துறைமுகத்தில் நடந்ததைச் சொல்லுகிறேன்.

சீனிவாச இராமானுஜன் வரலாறு நம் பிள்ளைகளுக்கும் தெரியும். ஆனால் அதைச் சொல்லுகிறவர்கள் கும்பகோணத்து வறுமையையும் கேம்பிரிட்ஜ் புகழையும் விரித்துரைத்து, நடுவில் உள்ள குமாஸ்தா வேலையை ஒரு வரியில் தாண்டிவிடுகிறார்கள். நான் அந்த ஒரு வரியிலேயே சற்றுத் தங்க விரும்புகிறேன்.

கல்லூரித் தேர்வில் தவறிய இராமானுஜன், 1910-ஆம் ஆண்டு வேலை தேடித் திருக்கோவிலூருக்குச் சென்றார். அங்கே டிப்டி கலெக்டராக இருந்தவர் இராமசுவாமி ஐயர். இந்தியக் கணிதக் கழகத்தை 1907-இல் நிறுவியவர். தம் அலுவலகத்தில் ஒரு குமாஸ்தா வேலை தந்தால் போதும் என்று கேட்ட இளைஞரின் நோட்டைப் புரட்டிப் பார்த்த ஐயர், அந்த வேலையைத் தரவில்லை. வருவாய்த் துறையின் அடிப்படியில் உட்கார வைத்து இவ்வறிவை நசுக்கக் கூடாது என்பது அவர் கருத்து. வேலைக்குப் பதிலாக அறிமுகக் கடிதம் கொடுத்துச் சென்னைக்கு அனுப்பினார். பின்னர் நெல்லூர்க் கலெக்டர் இராமச்சந்திர ராவ் மாதந்தோறும் பொருளுதவி செய்தார். பிறர் பொருளில் நெடுநாள் வாழ இராமானுஜனுக்கு மனம் ஒப்பவில்லை. அக்கவுண்டண்ட் ஜெனரல் காரியாலயத்தில் சில வாரம் தற்காலிகமாக வேலை பார்த்துவிட்டு, 1912 மார்ச்சு முதல் தேதி துறைமுகப் பொறுப்புக் கழகத்தின் கணக்குப் பிரிவில் குமாஸ்தாவாக அமர்ந்தார். சம்பளம் மாதம் 30 ரூபாய்.

இராமசுவாமி ஐயர் அஞ்சியது நியாயமே. ஆனால் துறைமுகத்தில் அவர் அஞ்சியபடி நடக்கவில்லை. அதற்குக் காரணம் அங்கிருந்த மனிதர்கள்.

கழகத்தின் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் ஒரு பொறியாளர். அவருக்கு அடுத்த நிலையில் காரியாலயத்தை நடத்தியவர் நாராயண ஐயர். இவர் கணிதத்தில் எம்.ஏ. பட்டம் பெற்றவர், திருச்சிக் கல்லூரியில் ஆசிரியராக இருந்தவர், கணிதக் கழகத்தின் பொருளாளர். உத்தியோகத்துக்கு வந்தபின் பலரும் செய்வதுபோல் தம் படிப்பைப் பரணில் ஏற்றிவிடாதவர். இரவில் திருவல்லிக்கேணியில் உள்ள அவர் வீட்டு மாடியில் மேலாளரும் குமாஸ்தாவும் ஆளுக்கொரு சிலேட்டை வைத்துக்கொண்டு நெடுநேரம் கணக்குப் போடுவார்களாம். இராமானுஜன் இரண்டு படியில் முடித்துவிடும் கணக்கு ஐயருக்கு விளங்காது. இடையில் உள்ள பத்துப் படிகளையும் எழுதிக் காட்டு, எனக்கே விளங்கவில்லையென்றால் மற்றவர்க்கு எப்படி விளங்கும் என்று கடிந்துகொள்வாராம். மேலதிகாரி தம் கீழ் வேலை பார்ப்பவரிடம் மாணவராக அமர்ந்து, அதே வேளையில் அவருக்கு ஆசிரியராகவும் இருந்த காட்சி அது.

பகலிலும் அலுவல் குறைந்த நேரத்தில் இராமானுஜன் கணிதம் எழுதுவதை ஐயரோ ஸ்பிரிங்கோ தடுக்கவில்லை. காகிதம் போதாமல், துறைமுகத்தில் சரக்கைச் சுற்றி வந்த தாளைக்கூட அவர் பயன்படுத்தியதாகச் சொல்வார்கள்.

பொறியியற் கல்லூரிப் பேராசிரியர் கிரிபித், 1912 நவம்பரில் ஸ்பிரிங்குக்கு ஒரு கடிதம் எழுதினார். இந்த இளைஞர் கணக்கராக மிகச் சாதாரணமானவராக இருக்கக்கூடும்; ஆயினும் தக்க வழி பிறக்கும்வரை அவர் மனமகிழ்ச்சியோடு வேலையில் இருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது அதன் சாரம். ஒரு தலைவருக்கு இத்தகைய கடிதம் எழுதலாம் என்று ஒருவருக்குத் தோன்றியதே அத்தலைவருக்குப் பெருமை என்று எனக்குப் படுகிறது.

1913 ஜனவரி 16-ஆம் தேதி இராமானுஜன் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்குத் தம் முதற் கடிதத்தை எழுதினார். துறைமுகக் கணக்குப் பிரிவின் குமாஸ்தா என்றே அதில் தம்மை அறிமுகம் செய்துகொண்டார். அடுத்த மாதம், வானிலை ஆராய்ச்சித் துறைத் தலைவரும் கணித அறிஞருமான கில்பர்ட் வாக்கர் துறைமுகத்துக்கு வந்தபோது, ஸ்பிரிங் அவரிடம் இராமானுஜனின் தாள்களை எடுத்துக் காட்டினார். வாக்கர் மறுநாளே பல்கலைக்கழகத்துக்கு எழுதினார். மே முதல் தேதியிலிருந்து மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தது. துறைமுகம் அவருக்கு விடுப்பு அளித்து அனுப்பி வைத்தது. 1914 மார்ச்சு 17-ஆம் தேதி அவர் கப்பலேறினார்.

துறைமுகத்துக்கு இதனால் ஒரு காசு இலாபம் இல்லை. ஒரு கணக்கரை இழந்ததுதான் மிச்சம்.

எல்லா மேலதிகாரிகளும் இப்படி அமைவதில்லை. எல்லாருக்கும் அப்படி ஒருவர் தேவைப்படுவதும் இல்லை. 1907-இல் கல்கத்தாவில் நிதித் துறை உத்தியோகத்தில் அமர்ந்த சி.வி. இராமன், அதிகாலையிலும் மாலைக்குப் பின்னும் பௌபஜார் வீதியிலிருந்த இந்திய விஞ்ஞானக் கழகத்தில் சோதனை செய்து, பகலில் சர்க்கார் கணக்கைப் பார்த்தார். பத்தாண்டுகள் அவ்வாறு இரட்டை வாழ்வு வாழ்ந்து, 1917-இல் சம்பளம் குறைந்தாலும் சரி என்று பேராசிரியர் பதவியை ஏற்றார். 1933-இல் இந்தப் பெங்களூருக்கு வந்து, 1970-இல் இங்கேயே மறைந்தார். அவருடைய உறுதி நம்மில் எத்தனை பேருக்கு வாய்க்கும்?

மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட எனக்கு, மாயூரம் வேதநாயகம் பிள்ளையிடத்தில் தனி ஈடுபாடு உண்டு. அவரும் திருச்சி நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்து, பின்னர் முன்சீபு ஆனவர். 1805 முதல் 1861 வரையிலான மேல்நீதிமன்றத் தீர்ப்புகளைத் தமிழாக்கி 1862-இல் ‘சித்தாந்த சங்கிரகம்’ என வெளியிட்டார். எவரும் அவரை ஏவவில்லை. தீர்ப்பின் மொழி வழக்காடும் குடிமகனுக்குப் புரிய வேண்டும் என்பது அவரே வரித்துக்கொண்ட கடமை. தமிழின் முதல் நாவலான ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ 1879-இல் அச்சானபோது, நீதிமன்றத்தில் அவர் கண்ட உலகமும் அதில் இடம்பெற்றிருந்தது. அலுவலும் ஆர்வமும் அவரிடத்தில் ஒரே மேசையில் இருந்தன.

சில ஆண்டுகளுக்கு முன், நான் பணிபுரிந்த ஓரிடத்தில் இளைஞர் ஒருவர் என் பிரிவில் சேர்ந்தார். அலுவலகச் சுற்றறிக்கைகளில் வரும் ஆங்கிலச் சொற்களுக்கு, நம் ஊர்ப்புறத்தில் மணியக்காரரும் கணக்குப்பிள்ளையும் வழங்கிய பழஞ்சொற்களைத் தேடித் தேடி ஒரு குறிப்பேட்டில் எழுதி வந்தார். ஒருநாள் அதை என் மேசையில் கொண்டுவந்து வைத்தார். அன்று மாலைக்குள் அனுப்ப வேண்டிய கோப்பு ஒன்று என் முன்னே இருந்தது. “முதலில் இதை முடியுங்கள் தம்பி, அதையெல்லாம் பிறகு பார்ப்போம்” என்றேன். கோப்பு உரிய நேரத்தில் சென்றது. குறிப்பேட்டை அவர் மறுபடி என்னிடம் காட்டவில்லை. ஓராண்டில் வேறு மாநிலத்துக்கு மாற்றலாகிப் போனார்.

நாராயண ஐயரைப் பற்றிப் படித்த இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. மறுநாள் அந்த இளைஞருக்குக் கடிதம் எழுதினேன். சென்ற வாரம் பதில் வந்தது. குறிப்பேடு இப்போது மூன்றாகிவிட்டதாம். பொங்கல் விடுமுறையில் அல்சூருக்கு வருகிறாராம். ‘வரும்போது மூன்றையும் எடுத்து வரட்டுமா, ஐயா?’ என்று கேட்டிருக்கிறார்.