புளியறைச் சாலையின் இரைச்சலும் 94 டெசிபலும்

புளியறைச் சோதனைச் சாவடியைத் தாண்டிக் கேரளத்துக்குக் கனிமம் ஏற்றிச் செல்லும் லாரிகள், எஸ் வளைவில் கியரைக் குறைத்து உறுமிக்கொண்டு ஏறுகின்றன. 2000ஆம் ஆண்டின் ஒலிமாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்கு இரவில் 45 டெசிபல் வரம்பு வைத்திருக்கின்றன. அந்த வரம்பைக் காட்டி முறையிடுவதற்காக எடுக்கப்படும் ஒலிப்பதிவு, அளவு தெரிந்த மேற்கோள் ஒலியைத் தன்னுள்ளேயே கொண்டிருந்தால்தான் சான்றாகும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

டெசிபல் மடக்கை அளவு. ஒரே சீரான போக்குவரத்தில் வண்டிகள் இரட்டித்தால் சராசரி ஒலிமட்டம் 3 டெசிபல் கூடும். ஆகவே மைக்கின் உணர்திறன் 3 டெசிபல் பிசகியிருந்தால், நூறு லாரிகள் இருநூறாகக் கணக்கில் ஏறிவிடும். பத்தாண்டு கழித்து இதே வளைவில் அளப்பவர், மாறியது சாலையா கருவியா என்று எப்படிப் பிரித்தறிவார்?

இதற்குத்தான் கையடக்கமான அளவுதிருத்தக் கருவி இருக்கிறது. காற்றுத்தடுப்புப் பஞ்சைக் கழற்றிவிட்டு, அரை அங்குல மைக்கை அதன் துளையில் ரப்பர் வளையம் இறுகும்வரை செலுத்த வேண்டும். ஒலி நிலைப்படச் சில நொடிகள் ஆகும். 1000 ஹெர்ட்ஸில் 94 டெசிபல், அதாவது ஏறத்தாழ 1 பாஸ்கல் அழுத்தம், மைக்கின் முன் நிற்கும். பெருக்கத்தை மாற்றாமல் அந்த ஒலியைக் கோப்பின் தொடக்கத்திலேயே பதிய வேண்டும். அது கோப்பு தாங்கும் முழு அளவுக்கு 30 டெசிபல் கீழே பதிந்திருந்தால், 54 டெசிபல் கீழே பதியும் லாரி இரைச்சல் 70 டெசிபல். இந்தக் கழித்தலைப் பின்னாளில் யாரும் செய்து பார்க்கலாம். குறிப்பேடு தொலைந்தாலும் கோப்பு பேசும். முடிவிலும் ஒருமுறை பதிந்து, இரண்டுக்கும் 0.5 டெசிபலுக்கு மேல் வேறுபாடு வந்தால் இடைப்பட்ட அளவீட்டைத் தள்ளிவிடுவதே நேர்மை.

ஆனால் இந்த ஒற்றைச் சுருதி எல்லாவற்றையும் காட்டிவிடாது. சாரல் காலத்தில் கண்டென்சர் மைக்கில் ஈரம் கோத்தால் பொரிபொரியென்ற இரைச்சல் எழும். 94 டெசிபலின் கீழ் அது மறைந்துபோகும். இரவின் 45 டெசிபலில் முழுசாகத் தலைகாட்டும். எனவே அளவுதிருத்தக் கருவியை ஒலிக்கவிடாமல் மைக்கில் மாட்டிவைத்தும் சில நொடிகள் பதிய வேண்டும் என்பது என் பரிந்துரை. அளவுதிருத்தக் கருவிகளில் பிஸ்டன்போன் வகைக்குக் காற்றழுத்தத் திருத்தமும் உண்டு. புளியறையில் அது அற்பம். கொடைக்கானல் உயரத்தில் ஏறத்தாழ 2 டெசிபல். அதன் 250 ஹெர்ட்ஸ் ஒலியைச் செவியுணர்வுக்கேற்பத் திருத்தும் 'ஏ' எடையில் படித்தால் 8.6 டெசிபல் குறைவாகக் காட்டும் என்பதையும் கவனிக்க வேண்டும்.

கைபேசி மைக்கில் இக்கருவி பொருந்தாது. அந்நிலையில் குற்றால அருவி உதவும். அருவியின் நீர்வரத்து மாறிக்கொண்டே இருப்பதால் அதை மேற்கோள் மூலமாகக் கொள்ள முடியாது. ஆனால் சில நிமிட நேரத்துக்குச் சீராக ஒலிப்பதால், திருத்திய ஒலிமானியையும் கைபேசியையும் தெறிநீர் படாத தொலைவில் அருகருகே வைத்து ஒப்பிடலாம். தானியங்கிப் பெருக்கத்தை முதலில் அணைத்துவிட வேண்டும். லாரியின் தாழ்ந்த அதிர்வெண்களைக் கைபேசி மைக் குறைத்தே வாங்கும் என்பதால், மொத்த அளவை மட்டும் ஒப்பிடாமல் ஆக்டேவ் பட்டைவாரியாக ஒப்பிட்டு, அந்த வேறுபாடுகளைப் பதிவுக் கோப்போடு சேர்த்தே வைக்க வேண்டும்.