மலைமண்ணும் ஏரிவண்டலும்

கள்ளக்குறிச்சி மாவட்டம் 2019-இல் அமைக்கப்பெற்றது. அதன் மண்ணின் வரலாறோ மிகப் பழையது. கல்வராயன் மலையில் தோன்றும் கோமுகியும் மணிமுத்தாறும் ஒன்றுகூடி வெள்ளாற்றை அடைவன. மலைச்சரிவிற் காடு வெட்டிச் சாமையும் கேழ்வரகும் விதைத்த புனங்களில், உழவால் நெகிழ்ந்த மேல்மண்ணை முதற் பெருமழையே அரித்துச் செல்லும். நீர் மண்ணனைத்தையும் ஒருபடித்தாகக் கொண்டு செல்வதன்று. நுண்ணிய களியும் எடைகுறைந்த மக்கும் முன்னர்ச் செல்லப் பருக்கைக்கல்லே எஞ்சும். பயிருணவும் ஈரப்பிடிப்பும் அவ்விரண்டனோடும் பிணைந்தவையாதலின், மண்ணின் ஆழம் குறைதலினும் இவ்விழப்பே கொடிது.

சென்ற மண் யாண்டுச் சென்றது? ஏரிகளில் வண்டலாய்ப் படிந்தது. உழவர் அதனைக் கோடையில் வெட்டி, வண்டியிலேற்றிப் புன்செய்க்கு இட்டனர். ஏரி ஆழமுற்றது, நிலம் உரம்பெற்றது. ஏரி பேணும் ஊர்ப்பணியைப் பிற்காலத்தார் குடிமராமத்து என்றனர். குடி தமிழ், மராமத்து அரபுவழி வந்தது. சொல் கலப்பாயினும் வழக்கம் தொன்மையது என்பதே எம் கருத்து, உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) ஏரி வாரியத்தைக் கூறுதல் காண்க.

எனினும் வண்டல் கீழூர் நிலத்துக்கே உதவிற்று. சரிவேறி மலைப்புனத்துக்கு அது மீள்வதன்று. 1976 வரை சாகீர்தாரர்க்கு வரியிறுத்து வந்த மலைக்குடிகள் இழந்த மண், சமவெளியார்க்கு எருவாயிற்று.