தேய்த்த ரூபாயும் தேய்க்காத ரூபாயும்

தீபாவளி நெருங்கினால் மும்பையில் இருக்கும் நம்மவர் வீடுகளில் இரண்டு பேச்சு தவறாமல் நடக்கும். ஒன்று, ஊருக்கு ரயில் டிக்கெட் கிடைத்ததா. இன்னொன்று, தன்தேரஸ் பூஜையில் வைக்க பீரோவில் இருக்கும் வெள்ளி ரூபாயை எடுத்துத் துலக்கலாமா. தன்தேரஸ் நம்ம ஊர்ப் பண்டிகை இல்லைதான். ஆனால் பத்து வருஷம் இங்கே இருந்தால் பக்கத்து வீட்டு குஜராத்திப் பழக்கம் ஒட்டிக்கொள்கிறதே!

பாட்டி காலத்துக் காசு கறுத்துப் போயிருக்கும். புளி, விபூதி, பல்பொடி, இல்லாவிட்டால் கடையில் விற்கும் வெள்ளி பாலிஷ். பத்து நிமிஷத்தில் கண்ணைப் பறிக்கும். என் வேண்டுகோள் ஒன்றுதான்: செய்யாதீங்க. ஏன் என்பதையும், ஏற்கனவே யாராவது செய்திருந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது என்பதையும் சொல்கிறேன்.

முதலில், அந்தக் காசு உங்கள் வீட்டில் இருப்பதே பெரிய விஷயம். 1835ல் கம்பெனி தன் ஆட்சிப் பகுதிகளுக்கெல்லாம் ஒரே ரூபாய் என்று நிர்ணயித்தது. எடை 180 கிரெயின், அதாவது ஒரு தோலா, இன்றைய கணக்கில் 11.66 கிராம். பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. விக்டோரியா, ஏழாம் எட்வர்ட், ஐந்தாம் ஜார்ஜ் காலம் முழுக்க இந்த எடையும் தரமும் மாறவில்லை. முதல் உலகப் போரில் வெள்ளி விலை ஏறியது. தட்டுப்பாட்டைச் சமாளிக்க 1917ல் ஒரு ரூபாய் நோட்டு வந்தது. 1918ல் நோட்டைக் கொடுத்து வெள்ளிக் காசு கேட்டு ஜனங்கள் முண்டியடிக்க, அமெரிக்கா தன் வெள்ளி டாலர்களில் சுமார் 27 கோடியை உருக்கி, பெரும்பகுதியை இந்தியாவின் தேவைக்காக பிரிட்டனுக்கு விற்றது. நம் ஜனங்களுக்குக் காகிதத்தின் மேல் அவ்வளவு நம்பிக்கை!

இரண்டாம் போரின்போது, 1940ல், ரூபாயில் வெள்ளி பாதியாகக் குறைந்தது. பழைய நல்ல காசுகளை அரசாங்கம் திரும்ப வாங்கிக்கொண்டு, அடுத்த சில வருஷங்களில் செல்லாது என்றும் அறிவித்துவிட்டது. ஆக, உங்கள் பீரோவில் இருப்பது யாரோ ஒருவர் திருப்பிக் கொடுக்க மனசில்லாமல் ஒளித்து வைத்த காசு. அதன் மேல் உள்ள கருப்பு, இத்தனை வருஷம் அது யார் கையும் படாமல் கிடந்ததற்குச் சாட்சி.

அந்தக் கருப்பு அழுக்கு இல்லை. காற்றில் இருக்கும் கந்தகம் வெள்ளியோடு சேர்ந்து படியும் மெல்லிய தோல். படலம் லேசாக இருந்தால் இளமஞ்சள், கொஞ்சம் தடித்தால் பழுப்பு, ஊதா, நீலம், கடைசியில் கருப்பு. ஓரத்தில் கருநீலமாகத் தொடங்கி நடுவில் சாம்பல் நிறமாக முடியும் ஒரு காசைப் பார்த்தால், வண்ணம் படிப்படியாக மாறுவது தெரியும். தேய்க்கும்போது இந்தத் தோல் மட்டும் போவதில்லை. அந்தப் படலத்துக்குள் வெள்ளியும் கலந்திருக்கிறதே, அதுவும் சேர்ந்து போகிறது.

சரி, கண்டுபிடிப்பது எப்படி? பத்து மடங்கு பெரிதாக்கும் நகைக்கடை லென்ஸ் ஒன்றும், ஒரே ஒரு பல்பும் போதும். டியூப்லைட் உதவாது.

காசை விரல் நுனியால் ஓரத்தில் பிடித்து, பல்புக்குக் கீழே சாய்த்து மெதுவாகச் சுழற்றுங்கள். அச்சில் அடிபடும்போது உலோகம் நடுவிலிருந்து ஓரத்துக்கு வழிந்து ஓடும். அந்த ஓட்டத்தின் கண்ணுக்குத் தெரியாத கோடுகளில் ஒளி பட்டால் வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால் போல வெளிச்சம் காசின் மேல் சுற்றி வரும். புழங்காத, தேய்க்காத காசின் அடையாளம் அதுதான். பாலிஷ் போட்டதில் வெளிச்சம் சுற்றாது, எவர்சில்வர் தட்டு மாதிரி மொத்தமாகப் பளபளக்கும். அமிலத் திரவத்தில் முக்கி எடுத்தது இன்னொரு ரகம். வெந்த முட்டையின் வெள்ளைக்கரு போல, வெளுப்பு இருக்கும், உயிர் இருக்காது.

அடுத்து கீறல். பையில் மற்ற காசுகளோடு உரசியதால் வரும் கீறல் ஆளுக்கொரு திசையில், ஆளுக்கொரு ஆழத்தில் இருக்கும். துணி வைத்துத் தேய்த்த மயிர்க்கீறல்கள் கூட்டமாக, ஒரே திசையில், அல்லது வட்ட வட்டமாக ஓடும். இங்கே ஒரு எச்சரிக்கை. புதுக்கருக்கு மாறாத காசில் சில சமயம் மேடாக நிற்கும் கோடுகள் தெரியும். அவை அச்சையே தீட்டியதால் வந்தவை, எழுத்தின் விளிம்பில் சட்டென்று நின்றுவிடும். பள்ளமா மேடா என்று பார்க்காமல் யாரையும் குற்றம் சொல்லக் கூடாது.

எனக்குப் பிடித்த சோதனை இதைவிட எளிது. ராணியின் தலைமுடியைப் பாருங்கள். முடி தேய்ந்து மழுங்கியிருந்தால் அந்தக் காசு பல வருஷம் கை மாறியிருக்கிறது. கை மாறிய வெள்ளி சாம்பல் நிறமாகத்தான் இருக்க வேண்டும். முடி மழுங்கியும் முகம் புதுசு போல வெளுத்தும் இருந்தால் இரண்டில் ஒன்று பொய். எழுத்துகளின் இடுக்கில் மட்டும் கருப்பும் பாலிஷ் மாவும் ஒட்டியிருந்தால் சந்தேகமே வேண்டாம்.

தேய்த்த பிறகு மறுபடி கறுத்த காசும் உண்டு. வண்ணத்துக்கு அடியில் மயிர்க்கீறல் தெரிகிறதா என்று பாருங்கள். சில வியாபாரிகள் கந்தக மருந்து வைத்தே ஊதாவும் நீலமும் ஏற்றுவார்கள். அது படிப்படியாக மாறாமல் திட்டுத் திட்டாக நிற்கும். எடை போட்டுப் பார்ப்பது போலியைப் பிடிக்க உதவும், பாலிஷைப் பிடிக்க உதவாது.

என்னோடு வேலை பார்க்கும் நண்பர் 1862 ரூபாய் ஒன்றைக் கடைவீதியில் வாங்கி வந்தார். புதுக்கருக்கு மாறாதது என்று சொல்லி அதற்கேற்ற விலை வாங்கியிருக்கிறார்கள். லென்ஸில் பார்த்தால் வயல் பூராவும் கீறல், விளிம்பில் ஒரு இடத்தில் மழுங்கல். யாரோ கண்ணி பற்றவைத்துக் கழுத்தில் போட்டிருந்து, பிறகு எடுத்துத் தீட்டியிருக்கிறார்கள். அவருக்கு விலையை விட இன்னொன்றுதான் வருத்தம். 1862 என்று போட்ட ரூபாய் எல்லாம் அந்த வருஷம் அடித்தவை இல்லை. 1874ல் மாற்றும் வரை காசில் அதே வருஷம்தான் நின்றது. பம்பாய் நாணயச்சாலை மட்டும் பின்பக்கம் பொடிப் புள்ளிகள் வைத்து எந்த வருஷத்து உற்பத்தி என்று குறித்துக்கொண்டது. இவர் காசில் வருஷத்துக்குக் கீழே மூன்று புள்ளியா நான்கா என்று சொல்ல முடியவில்லை. பாலிஷ் தின்றுவிட்டது. (சென்னையிலும் நாணயச்சாலை இருந்தது. 1869ல் மூடினார்கள். தங்கசாலைத் தெரு என்ற பெயர்தான் மிச்சம்.)

இப்படிக் காசைப் பார்த்துத் தரம் சொல்வது நமக்குப் புதிதில்லை. நாணயப் பரிசோதகருக்கு வண்ணக்கன் என்று பெயர். சங்கப் புலவர்கள் சிலரின் பெயரிலேயே அது இருக்கிறது. கம்பெனி காலத்துச் சராப்புகள் காசில் சின்ன முத்திரை குத்திப் பார்ப்பார்கள். அப்படிக் குத்து விழுந்த காசை நான் ஒதுக்க மாட்டேன். அது ஒரு தொழிலின் தடம். பல்பொடிக் கீறலை அதோடு சேர்க்க எனக்கு மனசில்லை.

எங்கள் கட்டடத்து மாமி ஒருத்தரிடம் இதையெல்லாம் சொன்னேன். "அதுக்காக லக்ஷ்மி முன்னாடி கரிக்காசையா வைக்கறது?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அவரிடம் இருந்த பதினோரு காசில் இரண்டு ஏற்கனவே நன்றாகத் தேய்த்தவை. அவற்றைப் பூஜைக்கு ஒதுக்கி எத்தனை தரம் வேண்டுமானாலும் துலக்கிக்கொள்ளலாம் என்றேன். மிச்சம் ஒன்பதில் 1911ஆம் வருஷத்தது ஒன்று இருந்தது. ராஜாவின் அங்கியில் உள்ள யானை பன்றி மாதிரி தெரிகிறது என்று ஜனங்கள் ஆட்சேபித்து, அரசாங்கம் திரும்பப் பெற்றுக்கொண்ட காசு. அடுத்த வருஷம் தும்பிக்கையைத் திருத்தினார்கள். அந்தத் தும்பிக்கை கடுகளவுதான், நாலு தடவை தேய்த்தால் பன்றியும் இல்லை யானையும் இல்லை.

எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் சுத்தமான அசிட்டோனில் சிறிது நேரம் போட்டு எடுக்கலாம். வெள்ளியை அது தொடாது. அடுப்புக்குப் பக்கத்தில் மட்டும் வேண்டாம், சட்டென்று தீப்பிடிக்கும். நெயில் பாலிஷ் ரிமூவரும் வேண்டாம், அதில் வேறு சரக்கும் கலந்திருக்கும். துடைக்காமல், பருத்தித் துணியில் ஒற்றி எடுங்கள். பிவிசி உறையில் வைத்தால் நாளடைவில் பச்சைப் பிசின் படியும். காசுகளை அடுக்கி ரப்பர் பேண்ட் போடவே கூடாது. ரப்பரில் கந்தகம் இருக்கிறது. பட்ட இடத்தில் கருங்கோடு விழுந்துவிடும், அப்புறம் அதைப் போக்குகிறேன் என்று யாராவது புளியை எடுப்பார்கள்.