எழும்பூரில் கொஞ்சம் மணல்

ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் 1789-இல் எழும்பூரில் இருந்த ராணுவ அநாதை இல்லத்தின் கண்காணிப்பாளரானார். அங்கிருந்த பையன்கள் ஐரோப்பியச் சிப்பாய்களின் பிள்ளைகள். நாள்கணக்காகச் சொல்லிக்கொடுத்தும் அவர்களுக்கு எழுத்து பிடிபடவில்லை. பையன்கள் மக்கு என்று வாத்தியார்கள் கைவிரித்தார்கள். பெல்லுக்கோ வாத்தியார்கள் மேல்தான் சந்தேகம்.

ஒரு காலையில் குதிரையேறிப் போனவர் கண்ணில் நம்மூர்ப் பள்ளிக்கூடம் ஒன்று பட்டது. பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் எழுதிக்கொண்டிருந்தார்கள். எழுத்து கோணினால் உள்ளங்கையால் ஒரு தடவு. தப்பு இருந்த இடம் தெரியாது. காகிதச் செலவு இல்லை, மைக்கறை இல்லை, அழித்தெழுத அச்சமும் இல்லை.

திரும்பி வந்ததும் அரிச்சுவடி வகுப்பில் மணல் பரப்பச் சொன்னார் பெல். அதெல்லாம் நடக்காது என்றார்கள் வாத்தியார்கள். (ஆசிரியர் பயிற்சி முகாமில் ஒருநாள் உட்கார்ந்தவர்களுக்கு இந்தப் பதில் புதிதாக இராது.) அவர் வாதாடவில்லை. ஜான் ஃபிரிஸ்கன் என்ற 8 வயதுச் சிப்பாய் மகனை வகுப்பின் முன் உட்கார வைத்தார். பெரியவர்களால் ஆகாதது அவனால் ஆயிற்று. பிறகு மற்ற வகுப்புகளிலும் பையன்களே பையன்களுக்குச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார்கள்.

திண்ணைப் பள்ளிக்கு இது புதிதல்ல. சின்னவர்களுக்குப் பாடம் சொல்லவும், அண்ணாவி இல்லாத நேரத்தில் அவர்களை அடக்கி வைக்கவும் அங்கே சட்டாம்பிள்ளை இருந்தான். மணலை எங்கே பார்த்தேன் என்று பெல் மறைக்காமல் சொன்னார். பையனே வாத்தியாராகும் ஏற்பாட்டை மட்டும் தம் கண்டுபிடிப்பாகவே பேசினார். ஒன்றை அவர் கணக்கில் வைக்கத்தான் வேண்டும்: திண்ணையின் பிரம்பும், கயிற்றில் தொங்கவிடும் கோதண்டமும் அவருக்குப் பிடிக்கவில்லை. பையன்களின் குற்றங்களை ஒரு புத்தகத்தில் எழுதிவைத்து, அவர்களுடைய சகாக்களையே விசாரிக்க விட்டார்.

1797-இல் லண்டனில் அவர் வெளியிட்ட அறிக்கையால் இந்த முறைக்கு ‘மெட்ராஸ் முறை’ என்று பெயர் நின்றது. 1832-இல் அவர் இறந்தபோது இதைப் பின்பற்றிய பள்ளிகள் 12 ஆயிரத்தைத் தாண்டியிருந்தன. ஆனால் மணலில் ஒரு பையனின் விரலைக் கவனித்ததில் பிறந்த முறை, இங்கிலாந்தில் ஒரே வாத்தியாரை வைத்து நூற்றுக்கணக்கான பிள்ளைகளை மலிவாக ஓட்டும் இயந்திரமாகிவிட்டது.

இங்கே கவர்னர் மன்றோ எடுத்த கணக்கின்படி, 1826-இல் மெட்ராஸ் மாகாணத்தில் 12,498 பள்ளிகள் இருந்தன. அவற்றின் தரம் அவருக்குத் திருப்தி தரவில்லை. அடுத்தடுத்து வந்த அரசுப் பாடத்திட்டமும் பரீட்சையும் திண்ணையை மெல்லக் காலி செய்தன.

பெல் விட்டுப்போன பணத்தில் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரில் எழுந்த பள்ளி இன்றும் நடக்கிறது. மெட்ராஸ் 1996-இல் சென்னையாகிவிட்டது. அந்தப் பள்ளிக்கு மட்டும் இன்னும் ‘மெட்ராஸ் காலேஜ்’ என்றுதான் பெயர்.