கூர்க்கன் கிழங்கும் ஒரு பாஸ்பேட்டும்

பனமரத்துப்பட்டி என்றதும் சேலத்துக்காரர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது ஏரி. அடுத்து அரளித் தோட்டங்கள். மாலையாகிக் கோயிலுக்குப் போகும் அந்த அரளியின் நஞ்சு இதயத் தசையைத் தாக்கக்கூடியது. ஆனால் நான் சொல்ல வந்தது வேறொரு செடியையும் வேறொரு தசையையும் பற்றி. சேலம் மாவட்டத்தில் ஒப்பந்தப் பயிராக விளையும் மருந்துக் கூர்க்கன், நாம் கறி சமைக்கும் சிறுகிழங்கின் உறவுச் செடி. ரத்தக் குழாய், மூச்சுக் குழல், குடல், கருப்பை ஆகியவற்றின் சுவரில் நம் விருப்பத்தைக் கேளாமலே இயங்கும் வரியற்ற தசையை இளக்கும் பொருள் அதன் வேரில் இருக்கிறது.

தசைக்கும் பாஸ்பேட்டுக்கும் உள்ள உறவின் வரலாற்றில் சென்னைக்கும் ஓர் இடம் உண்டு. பீமவரத்தில் 1895இல் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ், 1922இல் பாஸ்டனுக்குக் கப்பலேறினார். ஹார்வர்டில் சைரஸ் ஃபிஸ்கேயுடன் சேர்ந்து, பாஸ்பரஸை நிறத்தால் அளக்கும் முறையை 1925இல் வெளியிட்டார். அந்த அளவுகோல் கையில் இருந்ததால்தான் தசையில் பாஸ்போகிரியாட்டினையும், பின்னர் 1929இல் ஏ.டி.பி.யையும் அவர்களால் கண்டறிய முடிந்தது. ஜெர்மனியில் கார்ல் லோமானும் அதே ஆண்டு தனியாக ஏ.டி.பி.யைக் கண்டார். பாஸ்பேட் என்பது தசையின் எரிபொருளில் இருக்கும் பொருள் என்ற அளவில் அன்றைய புரிதல் நின்றது.

அதே பாஸ்பேட் ஒரு கட்டளையாகவும் இருக்க முடியும் என்பது 1955இல் தெரியவந்தது. சியாட்டிலில் எட்வின் கிரெப்ஸும் எட்மண்ட் ஃபிஷரும், ஒரு நொதியின் மேல் ஒரு பாஸ்பேட்டை ஒட்டினால் அது விழித்துக்கொள்வதையும், எடுத்துவிட்டால் அடங்குவதையும் கண்டார்கள். நோபல் பரிசு வர 1992 ஆயிற்று.

வரியற்ற தசையில் இந்தக் கட்டளை எங்கே விழுகிறது என்பது 1970களில் துலங்கியது. நம் கைகால் தசையில் கால்சியம் வந்ததும் ஆக்டின் இழையின் மேலுள்ள தடை விலகுகிறது. மயோசின் அதைப் பற்றி இழுக்கிறது. வரியற்ற தசையில் ஆக்டினின் மேல் அப்படியொரு பூட்டு இல்லை. பூட்டு மயோசினிடமே இருக்கிறது. உள்ளே வந்த கால்சியத்தைக் கால்மோடுலின் என்ற புரதம் ஏந்திக்கொள்கிறது. அந்த இணை ஒரு கைனேஸை எழுப்புகிறது. கைனேஸ், மயோசினின் சிறு சங்கிலியில் 19ஆம் இடத்திலுள்ள செரீனில் ஒரு பாஸ்பேட்டைப் பதிக்கிறது. உடனே மயோசின் ஆக்டினைப் பற்றி இழுக்க, குழாய் சுருங்குகிறது. பாஸ்பட்டேஸ் அந்தப் பதிவை அழித்தால் தசை இளகும். ஆகவே எவ்வளவு இறுக்கம் என்பது பதிப்பவனுக்கும் அழிப்பவனுக்கும் நடக்கும் இழுபறியைப் பொறுத்தது.

இந்த இடத்தில்தான் கிழங்கு கதைக்குள் வருகிறது. இந்திய மூலிகைகளைச் சலித்துக்கொண்டிருந்த இரண்டு ஆய்வகங்கள், பம்பாயில் ஹோக்ஸ்ட் நிறுவனத்துடையதும் லக்னோவில் மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையமும், ரத்த அழுத்தத்தைக் குறைக்கும் ஒரு பொருளை இதன் வேரிலிருந்து தனித்தனியே பிரித்தெடுத்தன. லக்னோக்காரர்கள் அதற்குக் கோலியோனால் என்று பெயரிட்டார்கள். பம்பாய்க்காரர்களின் பெயர் ஃபோர்ஸ்கோலின். மூலக்கூறின் ஓரிடத்தில் இரண்டும் வேறுபடுவதாக முதலில் கருதப்பட்டது. இரண்டும் ஒன்றே என்று 1985இல் நிறுவப்பட்டபோது உலகம் ஃபோர்ஸ்கோலினுக்குப் பழகிவிட்டிருந்தது. 1763இல் யேமனில் இறந்த ஸ்வீடன் நாட்டுப் பயணி பீட்டர் ஃபோர்ஸ்கோலின் பெயர் மருந்திலும் நின்றது. அரசு ஆய்வகம் வைத்த பெயர் பழைய கட்டுரைகளில் தங்கிவிட்டது. இது சின்ன விஷயம் என்று எனக்குத் தோன்றவில்லை.

1981இல் அமெரிக்காவில் சீமன், பட்ஜெட், டேலி மூவரும் காட்டியது இதைவிடப் பெரிது. ஹார்மோன் எதையும் எதிர்பார்க்காமல், சைக்ளிக் ஏ.எம்.பி.யை உண்டாக்கும் நொதியை ஃபோர்ஸ்கோலின் நேரடியாகத் தூண்டுகிறது. சைக்ளிக் ஏ.எம்.பி. இன்னொரு கைனேஸை எழுப்ப, அதுவும் பாஸ்பேட்டைத்தான் பதிக்கிறது; ஆனால் விளைவு தளர்ச்சி. ஒரே முத்திரை, விழும் புரதத்தைப் பொறுத்து எதிரெதிர்ப் பொருள் கொள்கிறது. முதலாம் கைனேஸின் மேலேயே இரண்டாவது கைனேஸ் பாஸ்பேட்டை ஒட்டி அதை மந்தமாக்குகிறது என்ற விளக்கம் 1978இல் வந்தது. அழகான விளக்கம், ஆனால் உயிருள்ள திசுவில் சோதித்தபோது அது மட்டும் போதவில்லை. கால்சியத்தைக் குறைப்பதே முக்கிய வழி என்பது பிற்காலத்துத் தெளிவு. அன்றுமுதல் உலகெங்கும் தசை ஆய்வு மேசைகளில் இந்த வேரின் சாரம் ஒரு சாவியாக இருந்துவருகிறது.

ஜப்பானில் 1999இல் இதன் வழிப்பொருள் ஒன்று இதயச் செயலிழப்புக்கு மருந்தாக ஏற்கப்பட்டது. ஆனால் கிழங்கை அதிகம் கேட்பது ஆஸ்பத்திரிகள் அல்ல, உடல் எடையைக் குறைப்பதாகச் சொல்லி விற்கப்படும் மாத்திரைகள். அந்தக் கூற்றுக்குச் சான்று மெலிது. இங்கே விவசாயி நுனித்தண்டை நட்டு, ஐந்தாறு மாதம் காத்துக் கிழங்கைத் தோண்டி, துண்டாக்கி வெயிலில் காயவைக்கிறார். குஜராத்தில் இதையே ஊறுகாய் போட்டுச் சாப்பிடுவார்கள். சேலத்தில் அந்தப் பழக்கம் இல்லை. ஒப்பந்தக்காரர் வராவிட்டால் மூட்டையை எடுத்துக்கொண்டு போக உள்ளூர்ச் சந்தையும் இல்லை.